எச்-1பி விசாவால் அமெரிக்கர்களுக்கு வேலை போகிறதா?

கேள்வி இதுதான்: "எச்-1பி விசாவில் போகும் இந்தியர்கள் அமெரிக்கர்களின் வேலையைப் பறிக்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா? இப்போது அந்த விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் போட்டுவிட்டார்கள். அதனால் அங்குள்ளவர்களுக்கு வேலை கிடைத்துவிடுமா?"

எச்-1பி என்பது, பட்டப்படிப்பு தேவைப்படும் வேலைக்கு வெளிநாட்டவரை அமெரிக்கக் கம்பெனி எடுத்துக்கொள்ள உதவும் தற்காலிக விசா. நான் அந்த விசாவில் அமெரிக்காவில் வேலை பார்த்தவன். பிற்பாடு ஆள் எடுக்கும் பக்கமும் உட்கார்ந்து, மற்றவர்களுக்கான விசாக் காகிதங்களைப் புரட்டியவன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் எச்-1பியால் அமெரிக்காவில் வேலை குறையவில்லை. ஆனால் சில அலுவலகங்களில் அமெரிக்கர்களுக்கு இதனால் வேலை போனது என்பதும் நடந்த விஷயம். நம் ஆட்கள் பலர் அதை மறுக்கிறார்கள், மறுக்கக் கூடாது. அவர்களின் வேலையைக் காவு வாங்கியது, விசாவைத் தொழிலாளியின் கையில் கொடுக்காமல் முதலாளியின் கையில் கொடுத்த சட்டம். அதே சட்டம்தான் அங்கே போன நம் ஆளையும் வருஷக்கணக்கில் கட்டிப்போடுகிறது.

எச்-1பி இன்றைய வடிவத்தில் வந்தது 1990-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில். வருஷத்துக்கு 65,000 பேர் என்று வரம்பு வைத்தார்கள். டாட்-காம் காலத்தில் கம்பெனிகள் நெருக்கியதால் அது முதலில் 1,15,000 ஆனது. 2001 முதல் 2003 வரை 1,95,000-க்குப் போனது. 2004-இல் மறுபடியும் 65,000. பிறகு, அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை முடித்தவர்களுக்கென்று 20,000 கூடுதலாகச் சேர்த்தார்கள். இன்றுவரை அந்த 85,000தான் வரம்பு. பல்கலைக்கழகங்கள், அவற்றோடு சேர்ந்த மருத்துவமனைகள், லாப நோக்கமற்ற ஆய்வு நிறுவனங்கள் இந்த வரம்புக்குள் வராது.

கேட்பவர்கள் அதைவிடப் பல மடங்கு என்பதால் குலுக்கல். 2023-இல் குலுக்கலுக்குப் பதிவானவை 7,80,000. ஒரே ஆளின் பெயரை நாலைந்து கன்சல்டன்சிகள் மூலம் கொடுத்து வாய்ப்பைப் பெருக்கிக்கொண்ட மோசடியும் அதில் கலந்திருந்தது. ஆளுக்கு ஒரு சீட்டுதான் என்று விதியை மாற்றியதும் அடுத்த வருஷம் 4,80,000 ஆக இறங்கியது. 2025-இல் 3,59,000.

எச்-1பியில் இருப்பவர்கள் மொத்தம் எத்தனை பேர்? 2019 செப்டம்பர் நிலவரப்படி சுமார் 5,83,000 பேர் என்று அமெரிக்கக் குடியேற்றத் துறை ஒரு கணக்கு வெளியிட்டது. அந்த நாட்டில் வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் அப்போது 16 கோடிக்கு மேல். அதாவது ஆயிரத்துக்கு மூன்று நான்கு பேர். இவ்வளவு சிறிய கூட்டம் ஒரு நாட்டின் வேலைவாய்ப்பையே சாய்த்துவிட முடியாது என்று நம்மவர்கள் வாதிடுவது இந்த எண்ணை வைத்துத்தான். ஆனால் இவர்கள் நாடு முழுக்கச் சமமாகப் பரவி இல்லை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கம்ப்யூட்டர் சார்ந்த வேலைகளில் இருக்கிறார்கள். 2024 நிதியாண்டில் அனுமதி பெற்றவர்களில் 71 சதவீதம் இந்தியாவில் பிறந்தவர்கள். டெக்சாஸில் பள்ளி ஆசிரியராக இருப்பவர் எச்-1பிக்காரரைப் பார்க்காமலேயே ஓய்வு பெறலாம். நியூஜெர்சியில் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் ஐ.டி. பிரிவில் இருப்பவருக்குத் தன் பக்கத்து இருக்கை, எதிர் இருக்கை எல்லாமே அவர்கள்தான். சராசரியை வைத்து இவரிடம் பேசினால் கேட்க மாட்டார், கேட்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

சரி, சட்டம் அவரைப் பாதுகாக்க என்ன செய்திருக்கிறது? எல்சிஏ (லேபர் கண்டிஷன் அப்ளிகேஷன்) என்று ஒரு காகிதம் இருக்கிறது. எச்-1பிக்கு ஆள் எடுக்கும் கம்பெனி, வேலை நடக்கும் இடத்திலேயே கண்ணில் படும்படி இரண்டு இடங்களில் பத்து நாள் அதை அறிவிப்பாக வைக்க வேண்டும். பெரும்பாலும் காபி மெஷினுக்குப் பக்கத்தில், குறைந்தபட்ச ஊதியச் சட்டம், தீ விபத்தில் வெளியேறும் வழி ஆகிய போஸ்டர்களோடு அதுவும் தொங்கும். பதவி என்ன, சம்பளம் எவ்வளவு, எந்த ஊர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று எல்லாம் அதில் இருக்கும். புகார் செய்ய வேண்டுமானால் யாரிடம் போவது என்பதும் இருக்கும். பெயர் மட்டும் இருக்காது. காபி ஊற்றிக்கொண்டே அதைப் படித்த அமெரிக்க சக ஊழியர்களின் முகத்தை நான் கவனித்திருக்கிறேன். தங்கள் சம்பளத்தோடு மனசுக்குள் ஒப்பிட்டுப் பார்ப்பது தெரியும்.

அந்தக் காகிதத்தில் கம்பெனி உறுதிமொழி கொடுக்கிறது: அதே வேலை பார்க்கும் மற்றவர்களுக்குத் தரும் சம்பளம், அந்த ஊரில் நிலவும் சம்பளம், இரண்டில் எது அதிகமோ அதைத் தருவோம் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொழிலாளர் துறை அதை ஏழு வேலை நாளுக்குள் பார்த்துத் திருப்ப வேண்டும். கட்டங்கள் எல்லாம் நிரப்பியிருக்கிறதா, வெளிப்படையான பிழை உண்டா என்று மட்டும்தான் பார்க்கச் சட்டம் சொல்கிறது. உள்ளூரில் ஆள் தேடினீர்களா என்ற கேள்வியே பெரும்பாலான கம்பெனிகளுக்கு இல்லை. அமெரிக்கர்களில் பலருக்கு இது தெரியாது. உள்ளூரில் ஆள் கிடைக்காவிட்டால்தான் எச்-1பி என்று சட்டம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

'ஊரில் நிலவும் சம்பளம்' என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓர் ஊரில் ஒரே வேலை பார்க்கும் நூறு பேரைச் சம்பள வரிசையில் நிறுத்துங்கள். கீழிருந்து 17-ஆவது ஆள் வாங்குவது லெவல் ஒன்று. 34-ஆவது ஆள் வாங்குவது லெவல் இரண்டு. வரிசையின் நடுவில் நிற்பவரின் சம்பளம் லெவல் மூன்றில்தான் வருகிறது. 67-ஆவது ஆள் லெவல் நான்கு. எந்த லெவல் என்று முதலில் எழுதுவது கம்பெனியே. 2019 நிதியாண்டில் அனுமதியான பணியிடங்களில் 60 சதவீதம் முதல் இரண்டு லெவலில் இருந்தன என்று வாஷிங்டனில் உள்ள எகனாமிக் பாலிசி இன்ஸ்டிடியூட் கணக்கெடுத்தது. அதாவது பாதிக்கு மேற்பட்ட இடங்களில், நடு ஆளின் சம்பளத்தைவிடக் குறைவாகக் கொடுக்கச் சட்டமே வழிவிட்டிருக்கிறது. எல்லோரும் அப்படிக் குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று சொல்லவில்லை. பெரிய தொழில்நுட்பக் கம்பெனிகள் அமெரிக்கருக்குத் தருவதையே நம்மவருக்கும் தருகின்றன. அவர்கள் எச்-1பிக்கு வருவது குறைந்த சம்பளத்துக்காக இல்லை. ஆட்களை ஒப்பந்தத்துக்கு விடும் தொழிலில்தான் லெவல் ஒன்றும் இரண்டும் மொய்க்கின்றன.

இந்த ஒப்பந்தத் தொழிலுக்கு ஒரு கடிவாளம் போட 1998-இல் முயன்றார்கள். ஐம்பது பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஒரு கம்பெனியின் ஆட்களில் 15 சதவீதமோ அதற்கு மேலோ எச்-1பி என்றால் அது 'எச்-1பி சார்ந்த' கம்பெனி. அது கூடுதலாக உறுதி கொடுக்க வேண்டும்: உள்ளூரில் ஆள் தேடினோம், தன்னிடத்திலோ வாடிக்கையாளரிடத்திலோ எந்த அமெரிக்கரையும் இதனால் வெளியேற்றவில்லை என்று. நல்ல விதிதான். ஆனால் அதே சட்டத்தில், அந்த எச்-1பி ஆளுக்கு வருஷம் 60,000 டாலர் கொடுத்தாலோ, அவர் முதுநிலை படித்திருந்தாலோ இந்த உறுதிமொழி தேவையில்லை என்று ஒரு விலக்கும் வைத்தார்கள். 1998-இல் 60,000 டாலர் பெரிய சம்பளம். அன்றிலிருந்து விலைவாசி ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டது. அந்தத் தொகை மட்டும் ஒரு டாலர்கூட ஏறவில்லை. பெரும்பாலான ஐ.டி. ஆட்களுக்கு அதற்கு மேல் கொடுத்தே ஆக வேண்டும் என்பதால், கடிவாளம் இருந்தும் குதிரையைப் பிடிக்கவில்லை.

இதன் விளைவைப் பார்க்க ஆர்லாண்டோவுக்குப் போக வேண்டும். 2014 அக்டோபரில் டிஸ்னி தன் ஐ.டி. பிரிவில் சுமார் 250 பேருக்கு வேலை போகிறது என்று சொன்னது. கடைசி நாள் 2015 ஜனவரி இறுதி. வேலையை எடுத்துக்கொண்டவை இந்தியத் தொடர்புள்ள அவுட்சோர்ஸிங் கம்பெனிகள், ஹெச்சிஎல்லும் காக்னிசன்ட்டும். போகிறவர்கள் தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்கு கேடி கொடுக்க வேண்டும், கொடுத்தால்தான் வெளியேறும்போது போனஸ் என்று நிபந்தனை. நம் ஊரில் ஐ.டி. வேலை பார்த்த எல்லோருக்கும் கேடி தெரியும்: நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர். ஸ்கிரீனைப் பகிர்ந்து, இந்த ஜாப் ராத்திரி எத்தனை மணிக்கு ஓடும், விழுந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுப்பது. தன் நாற்காலியில் உட்காரப் போகிறவருக்கு வாரக்கணக்கில் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய நிலையை யோசித்துப் பாருங்கள். லியோ பெரேரோ என்ற ஊழியர் 2016-இல் செனட் குழுவின் முன்னால் இதைச் சொல்லும்போது அழுதுவிட்டார். அதே சமயத்தில் கலிபோர்னியாவின் மின்சாரக் கம்பெனியான சதர்ன் கலிபோர்னியா எடிசனில் சுமார் 500 பேர் இதே மாதிரி போனார்கள். அங்கே வந்தவை இன்ஃபோசிஸும் டிசிஎஸ்ஸும்.

டிஸ்னி ஊழியர்கள் வழக்குப் போட்டார்கள். தள்ளுபடி ஆனது. ஆளை அனுப்பியது டிஸ்னி. எச்-1பி எடுத்தது வேறு கம்பெனி. நடுவில் ஓர் ஒப்பந்தக்காரர் வந்துவிட்டால், அவர் 60,000 டாலர் விலக்கில் இருந்தால், சட்டத்தின் பார்வையில் அங்கே யாரும் யாரையும் வெளியேற்றவில்லை.

இந்தச் சம்பவங்களை நம் வாட்ஸ்அப் குழுக்களில் யாரும் பேசுவதில்லை. 'அவர்களுக்குத் திறமை இல்லை, நமக்கு இருக்கிறது' என்று முடித்துவிடுகிறார்கள். கேடி கொடுக்கும் அளவுக்குத் தெரிந்தவருக்கு எப்படித் திறமை இல்லாமல் போகும்?

இவ்வளவு சொன்ன பிறகும் மொத்தத்தில் வேலை குறையவில்லை என்று நான் சொல்வது ஏன் என்று கேட்பீர்கள். அதற்குப் பொருளாதார ஆய்வுகள் பக்கம் போக வேண்டும்.

குடியேற்றம் பற்றிய ஆய்வுகளில் மிகப் பேசப்பட்டது மயாமியில் நடந்தது. 1980-இல் கியூபாவின் மரியல் துறைமுகத்திலிருந்து சில மாதங்களுக்குள் சுமார் 1,25,000 பேர் படகுகளில் ஃப்ளோரிடா வந்து இறங்கினார்கள். மயாமி நகரத்தின் உழைப்பாளர் எண்ணிக்கை ஒரே மூச்சில் 7 சதவீதம் கூடியது. சம்பளம் சரிந்திருக்க வேண்டும், வேலையின்மை எகிறியிருக்க வேண்டும். பொருளாதார நிபுணர் டேவிட் கார்ட் 1990-இல் கணக்குப் பார்த்தார். மயாமியில் ஏற்கனவே இருந்தவர்களின் சம்பளத்திலும் வேலையிலும் குறிப்பிடும்படியான பாதிப்பு எதுவும் தெரியவில்லை. ஜார்ஜ் போர்ஹாஸ் பிற்பாடு அதை மறுத்தார். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் சம்பளம் நன்றாகவே விழுந்திருக்கிறது என்றார். அவர் எடுத்த சிறிய மாதிரியில் சேர்ந்திருந்த ஆட்களின் கலவை அந்தக் காலத்தில் மாறியதுதான் அந்தச் சரிவுக்குக் காரணம் என்று வேறு சிலர் பதில் சொன்னார்கள். கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் சண்டை எதைப் பற்றி என்று கவனியுங்கள். ஒரு சிறு பிரிவினரின் சம்பளம் குறைந்ததா என்பதைப் பற்றி. நகரத்தில் மொத்த வேலை குறைந்தது என்று யாரும் வாதிடவில்லை.

அது ஏன் என்றால், வருகிறவர் வேலை மட்டும் பார்ப்பதில்லை. வாடகை கொடுக்கிறார், கார் வாங்குகிறார், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கிறார். கம்பெனியும் ஆள் கிடைக்கிறது என்று தெரிந்தால் புதிதாக ஒரு பிராஜெக்ட்டைத் தொடங்குகிறது. அதற்கு மேனேஜர், விற்பனை ஆள், சோதனை ஆள் தேவைப்படுகிறார்கள். நாட்டில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கை எங்கேயும் எழுதி வைத்த ஒன்றில்லை.

எச்-1பிக்கென்றே செய்த ஆய்வுகளில் எனக்கு அதிகம் பயன்பட்டது பவுண்ட், கன்னா, மொராலெஸ் மூவரும் செய்தது. 1994 முதல் 2001 வரை வெளிநாட்டிலிருந்து கம்ப்யூட்டர் ஆட்கள் வந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். அமெரிக்கக் கம்ப்யூட்டர் ஆட்களின் சம்பளம் 2001-இல் 2.6 முதல் 5.1 சதவீதம் வரை கூடுதலாக இருந்திருக்கும். அந்தத் துறையில் அமெரிக்கர்களின் எண்ணிக்கையும் 6 முதல் 11 சதவீதம் கூடியிருக்கும். மறுபக்கம், பொருள்களின் விலை ஏறி மற்ற எல்லோருக்கும் நஷ்டமாகியிருக்கும். கம்பெனிகளின் லாபமும் குறைந்திருக்கும். ஆக, நாட்டுக்கு லாபம், ஒரு குறிப்பிட்ட தொழிலில் இருந்தவருக்குக் கொஞ்சம் நஷ்டம். அந்த நஷ்டத்தை யாரும் அவருக்கு ஈடு செய்யவில்லை. அவருடைய கோபம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

அப்புறம் குலுக்கல். ஆராய்ச்சியாளர்களுக்கு அது ஒரு வரம். ஒரே மாதிரியான இரண்டு கம்பெனிகளில் ஒன்றுக்குச் சீட்டு விழுந்தது, இன்னொன்றுக்கு விழவில்லை என்றால், இரண்டையும் ஒப்பிட்டு விசாவின் பலனைத் தனியாகப் பிரித்தெடுக்கலாம். டோரனும் அவரோடு சேர்ந்த இருவரும் 2006, 2007 நிதியாண்டுகளுக்கான குலுக்கல்களை எடுத்துப் பார்த்தார்கள். விசா கிடைத்த கம்பெனியில் ஆட்கள் கூடவில்லை. எச்-1பி ஆள் வந்த அளவுக்கு வேறு ஆள் குறைந்தார். காப்புரிமையும் கூடவில்லை. சராசரிச் சம்பளம் குறைந்து, லாபம் கூடியதற்கான அடையாளம்தான் தெரிந்தது. பின்னால் 2024-இல் வெளிவந்த இன்னொரு குலுக்கல் ஆய்வு வேறு மாதிரி சொன்னது: விசா கிடைத்த கம்பெனிகள் வளர்ந்தன, அங்கிருந்த அமெரிக்கர்கள் பெரிய அளவில் வெளியேறவில்லை. இரண்டில் தனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் தூக்கிக் காட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஆள் விடும் சின்னக் கன்சல்டன்சியும் சிப் வடிவமைக்கும் கம்பெனியும் ஒரே விசாவை எடுக்கின்றன. செய்வது வேறு வேறு வேலை. விசா எந்த மாதிரிக் கம்பெனியின் கைக்குப் போகிறதோ அதைப் பொறுத்துத்தான் பலன்.

இனி ஒரு லட்சம் டாலர். 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை, அதிபர் டிரம்ப் கையெழுத்துப் போட்டார்; ஞாயிற்றுக்கிழமை முதல் அமல் என்றார்கள். புதியவர்களுக்கு மட்டுமா, ஊருக்குப் போயிருப்பவர்களுக்குமா என்பதே முதல் நாள் யாருக்கும் தெரியவில்லை. கம்பெனி வக்கீல்கள் ராத்திரியோடு ராத்திரியாக எல்லோருக்கும் மெயில் அனுப்பினார்கள்: வெளியே இருப்பவர்கள் உடனே திரும்புங்கள், உள்ளே இருப்பவர்கள் நகராதீர்கள் என்று. விமானத்தில் ஏறி உட்கார்ந்தவர்கள் இறங்கி வந்தார்கள். மறுநாள்தான் தெளிவு கிடைத்தது: புதிய மனுக்களுக்கு மட்டும், ஒரே ஒரு தடவை. அடுத்த மாதம் இன்னொரு விளக்கமும் வந்தது: மாணவர் விசாவில் அமெரிக்காவுக்குள்ளேயே இருந்து எச்-1பிக்கு மாறுகிறவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை. ஆக, எம்.எஸ். முடித்து அங்கேயே வேலை தேடுபவரைவிட, சென்னையிலிருந்து நேரே போக நினைப்பவரைத்தான் இது தடுக்கிறது.

இதனால் அமெரிக்கருக்கு வேலை கிடைக்குமா? இந்த மாதிரிக் கதவடைப்பை அமெரிக்கா ஏற்கனவே செய்து பார்த்திருக்கிறது. 1942-இல் தொடங்கிய பிராசெரோ திட்டத்தில் மெக்சிகோவிலிருந்து லட்சக்கணக்கான விவசாயக் கூலிகள் பருவத்துக்கு வந்துபோனார்கள். உள்ளூர்க் கூலிகளின் சம்பளம் உயர வேண்டும் என்று சொல்லி 1964 முடிவில் அதை மூடினார்கள். கிளெமென்ஸ், லூயிஸ், போஸ்டல் மூவரும் பல வருஷங்கள் கழித்துக் கணக்கைப் பார்த்தார்கள். உள்ளூர்க் கூலிகளின் சம்பளம் அதனால் உயர்ந்ததாகத் தெரியவில்லை. வேலையும் கூடவில்லை. பதிலுக்கு என்ன நடந்தது என்றால், கலிபோர்னியாவின் தக்காளி வயல்களில் இயந்திரம் இறங்கியது. டேவிஸில் உள்ள பல்கலைக்கழகத்தில் அறுவடை இயந்திரத்தையும், அதன் பிடியில் நசுங்காத கெட்டித் தோல் தக்காளியையும் ஏற்கனவே உருவாக்கி வைத்திருந்தார்கள். ஒரே நேரத்தில் எல்லாக் காயும் பழுக்கும்படியான ரகம் அது. ஆள் இருந்தவரை மெதுவாக நகர்ந்த அந்த இயந்திரம், ஆள் வராது என்றானதும் சில வருஷங்களிலேயே பதப்படுத்தும் தக்காளி வயல்கள் முழுவதையும் பிடித்துவிட்டது. இயந்திரம் ஒத்துவராத பயிர்களில் விளைச்சலையே குறைத்தார்கள்.

மென்பொருளில் இயந்திரத்தின் இடத்தில் இருப்பது பழைய மகாபலிபுரம் சாலை. 2004-இல் வரம்பு 1,95,000-இலிருந்து 65,000-க்கு விழுந்தபோது பன்னாட்டுக் கம்பெனிகள் என்ன செய்தன என்று பிரிட்டா கிளென்னன் ஆராய்ந்தார். வெளிநாட்டுக் கிளைகளில் ஆட்களைக் கூட்டினார்கள். முக்கியமாக மூன்று நாடுகளில்: கனடா, இந்தியா, சீனா. நியூயார்க்கில் வேலை தேடிக்கொண்டிருந்த அமெரிக்கரிடம் அந்த வேலை போகவில்லை. இன்று இந்தியாவில் பன்னாட்டுக் கம்பெனிகளின் சொந்த மையங்கள், ஜிசிசி என்று சொல்கிறார்களே, அவை 1,700-க்கு மேல். வேலை பார்ப்பவர்கள் 19 லட்சம் என்று நாஸ்காம், சின்னோவ் இரண்டும் சேர்ந்து 2024-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. தரமணி, பெருங்குடி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று போகிற சாலையில் அதில் கணிசமான பங்கு இருக்கிறது. விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் என்றால், அந்த ஒரு லட்சத்துக்கு இங்கே அனுபவமுள்ள ஆட்கள் இரண்டு மூன்று பேரை ஒரு வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கணக்குத் தெரிந்த எந்த நிதி அதிகாரியும் அதைத்தான் செய்வார்.

அந்த மையங்களுக்குத் தேவையான ஆட்களை உருவாக்கியதிலும் எச்-1பிக்குப் பங்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் 1984-க்குப் பிறகு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்து, ஒரு கட்டத்தில் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டின. அமெரிக்கா போகலாம் என்ற ஆசையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்களில் பெரும்பாலானோருக்கு விசா கிடைக்கவில்லை. அவர்கள் இங்கேயே தங்கி ஒரு தொழிலைக் கட்டினார்கள். கன்னாவும் மொராலெஸும் தனியாக ஓர் ஆய்வில் இதைத்தான் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்கா கதவை எவ்வளவு மூடினாலும், இந்தப் பக்கம் படித்தவர்கள் படித்தவர்கள்தான்.

கட்டணத்தால் உண்மையில் அடி வாங்கப் போவது வெளிநாட்டுக்கு வேலையை அனுப்ப முடியாத இடங்கள். கிராமப்புற மருத்துவமனை டாக்டரை ஜூமில் வைத்துக்கொள்ள முடியாது. ஆசிரியர் கிடைக்காத மாவட்டப் பள்ளி ஒரு லட்சம் டாலருக்கு எங்கே போகும்?

கட்டணம் வந்த 2025-இலேயே குலுக்கலையும் சம்பள லெவலைப் பொறுத்து மாற்ற முடிவெடுத்தார்கள்: லெவல் நான்குக்கு நாலு சீட்டு, லெவல் ஒன்றுக்கு ஒரே சீட்டு. கட்டணத்தைவிட இது மேல், குறைந்த சம்பளக்காரர்களை இறக்குமதி செய்யும் தொழிலை இது நேராகத் தொடுகிறது. ஆனால் லெவல் என்பது அந்தந்த வேலைக்குள், அந்தந்த ஊருக்குள் மட்டும்தான். சம்பளம் குறைவான ஒரு தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவருக்கு நாலு சீட்டு. அவரைவிட அதிகம் வாங்கப்போகிற, இப்போதுதான் முனைவர் பட்டம் முடித்த சிப் பொறியாளருக்கு ஒரு சீட்டு. டாலரை வைத்து வரிசைப்படுத்தியிருந்தால் இந்தக் கோணல் வந்திருக்காது.

இந்தக் கட்டணமும் குலுக்கலும் தொடாத இடத்தில்தான் எனக்கு ஆதங்கம். எச்-1பியில் இருப்பவர் வேலை மாறலாம், 2000-ஆம் ஆண்டுச் சட்டம் அதை அனுமதிக்கிறது. ஆனால் புதுக் கம்பெனி புது மனு போட வேண்டும். கிரீன் கார்டு வேலை பாதியில் இருந்தால் பெரும்பாலும் அந்தக் காகித வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேலை போனால் 60 நாள். அதற்குள் வேறு கம்பெனி எடுத்துக்கொள்ளாவிட்டால், வேறு விசாவுக்கு மாறவும் முடியாவிட்டால், பள்ளியில் படிக்கும் பிள்ளையோடு கிளம்ப வேண்டியதுதான். கிரீன் கார்டிலோ வேலை வழியாக வருஷத்துக்கு 1,40,000, குடும்பத்தினரையும் சேர்த்து. அதில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் பொதுவாகக் கிடையாது. 2013-இல் வரிசையில் நின்ற இந்தியருக்கு 2025-இலும் முறை வந்துகொண்டிருந்தது. இப்படி நிற்பவர் சம்பள உயர்வு கேட்டுச் சண்டை போடுவாரா? ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமாட்டேன் என்பாரா? விட்டுப் போக முடியாத ஆள் என்று தெரிந்தால், எந்த மேனேஜருக்கும் அமெரிக்கரைவிட அவரைப் பிடித்துவிடும். அமெரிக்கருடைய பேரம் பேசும் வலுவும் அந்த இடத்தில்தான் உடைகிறது.

உள்ளூர் ஆள் தேடும் சோதனை அமெரிக்கச் சட்டத்தில் இல்லாமல் இல்லை. அது கிரீன் கார்டு கட்டத்தில், பெர்ம் என்ற பெயரில் வருகிறது. அதாவது ஒருவர் அந்த நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்த பிறகு, அதே நாற்காலிக்கு விளம்பரம். அச்சுப் பத்திரிகையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போட வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்காகப் போட்ட விளம்பரத்தைப் பார்த்திருக்கிறேன்; அவருடைய ரெஸ்யூமேயை அப்படியே எடுத்து, 'இன்னின்ன தெரிந்தவர் தேவை' என்று மாற்றியிருந்தார்கள். வெளியிலிருந்து யாரும் விண்ணப்பிக்கவில்லை. ஃபேஸ்புக் மாதிரி கம்பெனியே இந்த மாதிரி இடங்களுக்குத் தபாலில் விண்ணப்பம் அனுப்பச் சொன்னது. அமெரிக்க நீதித் துறையின் பாரபட்சக் குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள 2021-இல் அது 1.425 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆப்பிள் 2023-இல் அதே மாதிரிக் குற்றச்சாட்டுக்கு 2.5 கோடி டாலர் வரை. அங்கே விளம்பரம் கம்பெனியின் சொந்த வேலைவாய்ப்பு இணையதளத்திலேயே இல்லை.

வேண்டியது என்ன என்று கேட்டால், என் விருப்பம் இது. சம்பள அடிமட்டம் நடு ஆளின் சம்பளத்துக்கு ஏற வேண்டும். 60,000 டாலர் விலக்கு போக வேண்டும். ஒப்பந்தக்காரரை நடுவில் வைத்து ஆளை மாற்றினாலும் அது ஆளை மாற்றியதுதான் என்று சட்டம் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட, ஒருமுறை உள்ளே வந்தவர் கம்பெனியைக் கேட்காமல் வேலை மாற முடிய வேண்டும். இதில் சிலவற்றுக்காகக் குடியரசுக் கட்சியின் கிராஸ்லியும் ஜனநாயகக் கட்சியின் டர்பினும் சேர்ந்து 2007 முதல் மசோதா கொண்டுவருகிறார்கள். 2025-இலும் கொண்டுவந்தார்கள்.

அதுவரை, இதைக் கேட்ட நீங்களோ உங்கள் வீட்டுப் பிள்ளைகளோ இந்த விசாவில் போவதாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். எல்சிஏ நகலை வேலையில் சேரும் நாளுக்குள் உங்களுக்குக் கொடுக்கக் கம்பெனி சட்டப்படி கடமைப்பட்டது. கேட்டு வாங்குங்கள். எந்த லெவல் என்று பாருங்கள். உங்களுக்கு எட்டு வருஷ அனுபவம் இருந்து அதில் லெவல் ஒன்று என்று இருந்தால், நஷ்டம் உங்களுக்கு மட்டும் இல்லை, பக்கத்து இருக்கை அமெரிக்கருக்கும்தான். கம்பெனி வாரியான எல்சிஏ விவரங்களைத் தொழிலாளர் துறை தன் இணையதளத்தில் போடுகிறது; ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன்பே அங்கே தேடலாம். எல்சிஏயில் எழுதிய சம்பளத்தைக் கொடுக்காவிட்டால், வேலை கொடுக்காமல் பெஞ்சில் உட்கார வைத்துச் சம்பளத்தை நிறுத்தினால், டபிள்யூஎச்-4 என்ற படிவத்தில் அந்தத் துறையின் ஊதியப் பிரிவுக்குப் புகார் அனுப்பலாம். புகார் கொடுத்ததற்காகக் கம்பெனி பழிவாங்கக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. பழிவாங்கினால் அதையும் அதே பிரிவிடம் சொல்லலாம்.